ஒரே வாசலால் துரத்தப்பட்டவர்கள்

என் வேலை என்னவென்று பீலெஃபெல்ட் தமிழர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "அவா சுடலையில வேலை செய்யுறவா" என்பார்கள் சிலர். "பிரசங்கம் செய்யுறவா, ஆனா சபை கிபை ஒண்டும் இல்லை" என்பார்கள் வேறு சிலர். என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, கலியாண வீடுகளில் யாராவது கேட்டால் "ஒஃபிஸ் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். நான் செய்தது இறந்தவர்களைப் பற்றிப் பேசும் வேலை. இந்த நாட்டில் கிறிஸ்தவ சபையிலிருந்து பெயரை எடுத்துவிட்டவர்கள் இறந்தால் பெரும்பாலும் போதகர் வருவதில்லை. குடும்பத்தார் ஒரு பேச்சாளரைக் கூப்பிடுவார்கள். அவர் மயான மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அடுத்த செத்தவீட்டுக்காரர் வாசலுக்கு வருவதற்குள், ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லி முடிக்க வேண்டும்.

இந்த ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். பிரியாவிடைக்கு வந்த இளம் பேச்சாளர்கள், இப்போது சில குடும்பங்கள் கணினி எழுதிக் கொடுத்த பேச்சைக் கையோடு கொண்டுவருகிறார்கள் என்று குறைப்பட்டார்கள். நானும் ஒன்றை வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. யாருடைய செத்தவீட்டிலும் வாசிக்கலாம், அதுதான் அதில் உள்ள பிழை. அவர்களில் ஒருவர் என்னிடம், "கடவுளும் இல்லை, ஆத்மாவும் இல்லை எண்டு சொல்லிப்போட்டுச் செத்தவரின்ர ஆக்களுக்கு என்னத்தைச் சொல்லி ஆறுதல்படுத்துறது?" என்று கேட்டார். என் வாய் நிறையக் கேக் இருந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். சரியான பதில் இப்போதுதான் எழுத வருகிறது. ஜேர்மன்காரர் ஜேர்மன் மொழியில் சொன்னதையெல்லாம் எனக்கு வாய்த்த யாழ்ப்பாணத் தமிழிலேயே தருகிறேன்.

அகதியாக வந்து இறங்கியபோது நான் சின்னப் பெட்டை. அண்ணன் என்னைப் பொறியியல் படிக்கச் சொன்னார். நான் போய் மெய்யியல் படித்தேன், அதிலும் பழைய கிரேக்கத்துச் சிந்தனைப் பள்ளிகளை. "உதைப் படிச்சுப்போட்டு ஆரிட்டப் போய் வேலை கேப்பாய்?" என்றார் அண்ணன். நியாயமான கேள்விதான். பட்டத்தோடு அலைந்து அலைந்து, கடைசியில் செத்தவீட்டுக் காரியங்களைப் பொறுப்பெடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் மரண அறிவித்தல்களைத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. பெட்டி, பூ, மண்டபம் எல்லாம் ஒழுங்கு செய்கிற இடம் அது. முதலாளியின் பெயர் டேகலர்.

டேகலர் நெட்டையான மனிதர். வாயிலிருந்து சொல் விழுவது அபூர்வம். அவருடைய நிறுவனம் மூலம் பேச வருகிற எவரும் முதலில் அந்தப் பேச்சை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த இடம், விற்பனைக்கான சவப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் அறை. ஓக் மரப் பெட்டிக்கும் பைன் மரப் பெட்டிக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். பொய்யான வரி ஏதாவது வந்தால் இருமுவார். ஒரே ஒரு இருமல்தான். அந்த வரியை வெட்டிவிட வேண்டும். ஏன் என்று சொல்ல மாட்டார். பேச்சாளர்கள் வெளியே வந்து அவரைத் திட்டித் திட்டி வெட்டுவார்கள். திருத்தியதைத் தட்டச்சு செய்வது நான். கொஞ்ச நாளில் அவர் எந்த வரியில் இருமுவார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியத் தொடங்கியது. அதை அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப நீங்களே எழுதிப் பேசுங்கோ" என்றார்.

என் முதல் பேச்சுக்கு அவர் இருமிய இருமலில் நான் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து நீட்டினேன். "தண்ணி வேண்டாம். நீங்கள் இந்த மனுசியைப் பற்றி அவவின்ர ஆக்களிட்டக் கேட்டனீங்களோ இல்லையோ?" என்றார். பல்கலைக்கழகத்தில் படித்த எல்லாவற்றையும் அதில் கொட்டியிருந்தேன். செத்தவர் மட்டும் அதில் இல்லை.

அதன் பிறகுதான் தொழில் பிடிபட்டது. தாள்களைப் பின் அடிக்கக்கூடாது, புரட்டும் சத்தம் மண்டபத்தில் கேட்கும். ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நகர்த்தி வைக்க வேண்டும். முதல் வசனத்திலேயே பெயர் வர வேண்டும். குடும்பத்தைச் சந்திக்க அவர்கள் வீட்டுக்குப் போனால், அவர்கள் காட்டும் வரைக்கும் எந்தக் கதிரையிலும் இருக்கக்கூடாது, அது செத்தவருடையதாக இருக்கலாம். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்கவே கூடாது. எல்லோரும் "நல்லவர்" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. வேலையால் வந்ததும் முதல் என்ன செய்வார், எதற்கு எரிச்சல் வரும், எதைத் தூக்கியெறிய விடமாட்டார் என்று கேட்க வேண்டும். ஆகக் குறைவாகப் பேசுகிறவருக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பழகிக்கொண்ட நான், கேவலமான ஒரு பிழையையும் விட்டேன். எங்கள் ஊரில் செத்த வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வாறன்" என்று யாரும் சொல்ல மாட்டோம். எழும்புவோம், போவோம். எனக்கு அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. ஆக, ஜேர்மன் வீடுகளிலும் பேசி முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே நடந்துவிடுவேன். ஒரு விதவை டேகலருக்கு அழைத்து, "அந்தப் பெண் நல்லாத்தான் கதைச்சவா. ஆனா திடீரெண்டு கோவிச்சுக்கொண்டு போயிட்டா. நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டாராம். டேகலர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். விளக்கம் சொன்னேன். "நல்ல வழக்கம். மாத்த வேண்டாம். ஆனா அவைக்கு அதைச் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் சொல்லாமல் கிளம்பினேன். பலருக்கு அது பிடித்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. பெண்கள் சுடலைக்குப் போவதே வழக்கமில்லை, நான் கிழமைக்குப் பலமுறை போய் நின்றேன். மச்சாள் என் வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களில், நான் கதவைத் திறந்ததும் "முழுகிப்போட்டுக் குசினிக்குள்ள வா" என்று உள்ளிருந்தே குரல் வரும். என் குசினி, என் அடுப்பு, நான் கட்டுகிற வீட்டுக்கடன்! முழுகிவிட்டு வந்துதான் சண்டை பிடிப்பேன்.

சரி, படித்த படிப்பு எதற்குப் பயன்பட்டது என்று கேட்பீர்கள். எங்களுக்கு முன்னால் போதகர் ஒருவர் நடத்தும் செத்தவீடு இருந்தால் நான் கதவுக்கு வெளியே காத்துநிற்பேன். உள்ளே அவர் சொல்லும் ஆறுதல் காதில் விழும். அதில் பாதி எந்தக் கிரேக்கப் பள்ளியிலிருந்து வந்தது என்று எனக்கு ஏற்கனவே தெரியும். நமக்குத் தரப்பட்டதெல்லாம் இரவல், கேட்கும்போது முகம் சுளிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பார். அது ஸ்டோயிக் பள்ளியின் சரக்கு. உலகம் முழுக்க ஓர் அறிவு ஓடுகிறது, நடப்பதெல்லாம் அதன் ஏற்பாடு என்று அவர்கள் சொன்னதை ஆதிச் சபை தன் பேச்சுக்குள் எடுத்துக்கொண்டது. உடம்பு இரவல் வீடு, ஆத்மா தன் சொந்த வீட்டுக்குப் போகிறது என்பார். அது பிளேட்டோனியர் வீட்டுச் சமையல். கிறிஸ்தவர்களுடைய பழைய நம்பிக்கை, செத்தவர்கள் உடம்போடு எழும்புவார்கள் என்பதுதான். கிரேக்கத்திலிருந்து வந்த ஆத்மா அங்கே குடியேறி, வீட்டுக்காரர் போலவே ஆகிவிட்டது. குடியேறி வந்த எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஒரு சந்தோசம்.

சபைக்குள் இடமே கிடைக்காத பள்ளி ஒன்று உண்டு. அவர்கள் எபிக்கூரியர், ஒரு தோட்டத்தில் கூடிப் பேசியவர்கள். தெய்வங்கள் இருந்தால் தங்கள்பாட்டில் இருக்கட்டும், நமது காரியத்தில் தலையிட மாட்டார்கள்; செத்தால் கலைந்துபோவோம், அதற்குப் பிறகு நோகவும் ஆள் இல்லை, பயப்படவும் ஆள் இல்லை என்றார்கள். சபை அவர்களோடு நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது. லோமன் அந்தப் பள்ளிக்காரர்.

லோமன் ஓர் உயர்பள்ளியில் காலம் முழுக்கக் கிரேக்கமும் லத்தீனும் படிப்பித்தவர். இளவயதிலேயே சபையை விட்டு விலகியவர். அவர் மனைவி ஹில்டா ஒரு ஞாயிறும் தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர், பாடகர் குழுவில் வேறு இருந்தார். ஒரே மகள் கத்ரீன், எர்லாங்கனில் பொறியியலாளர். அப்பாவைப் போலவே அவளுக்கும் சபை இல்லை. லோமன் இறந்து, பேச்சுக்காக நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது தாயும் மகளும் மேசையின் இரண்டு அந்தங்களில் இருந்தார்கள்.

"அப்பா எனக்குத் தெளிவாச் சொன்னவர்," என்றாள் கத்ரீன். "பேச வாற ஆள் கடவுள் எண்டும் சொல்லக்கூடாது, ஆத்மா எண்டும் சொல்லக்கூடாது. செபம் செய்யவே கூடாது. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப நான் வரேல்லை," என்றார் ஹில்டா.

"அம்மா!"

"ஒரு செபம் இல்லாமல் அவரை மண்ணுக்குள்ள விடுறதை நான் வந்து பாக்கமாட்டன். நீங்கள் போய் உங்கட பாட்டில செய்யுங்கோ. நான் வீட்டில இருந்து செபிக்கிறன்."

"அவர் உயிரோட இருக்கேக்க உங்களால வெல்ல ஏலாமல் போச்சு. இப்ப அவர் வாய் திறக்கமாட்டார் எண்டு வெல்லப் பாக்கிறியளோ?"

ஹில்டா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். கத்ரீன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதற்கு வெட்கப்பட்டாள் என்று தெரிந்தது, ஆனால் திருப்பி எடுக்கவும் மாட்டாள். அடக்கத்துக்கு வராமல் நின்றுவிட்டவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் பிறந்தநாளுக்கும் வருவதில்லை, நத்தார்ப் பண்டிகைக்கும் வருவதில்லை. இந்தத் தாய் வராவிட்டால் லோமன் மட்டுமல்ல, மகளும் கையைவிட்டுப் போய்விடுவாள்.

நான் குசினிக்குள் போனேன். ஹில்டா காய்ந்த கோப்பை ஒன்றைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஞாயிற்றுக்கிழமையில எழும்பினதும் அவர் முதல் என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"காரை எடுப்பார்," என்றார். "என்னைக் கோயில் வாசல்ல இறக்கிப்போட்டு, எதிர்ப்பக்கத்துப் பேக்கரியில கோப்பி குடிச்சுக்கொண்டு இருப்பார். முடிஞ்சு வந்தால், இண்டைக்கு என்ன பிரசங்கம் எண்டு கேப்பார். வீடு வந்து சேருமட்டும் அதில பிழை பிடிப்பார்."

"உங்களை நக்கலடிக்கிறவரோ?"

"என்னை ஒருநாளும் இல்லை. போதகரைத்தான்." கோப்பையை வைத்தார். "உன்ர ஆக்களும் என்ர ஆக்களும் அயலட்டைக்காரர், ரெண்டு பேரையும் ஊருக்குப் பிடிக்காது எண்டு சொல்லுவார். என்ன சொல்லுறார் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

எனக்கும் அப்போது விளங்கவில்லை. வழக்கம்போல என் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட்டு, விடைபெறாமல் வெளியே வந்தேன்.

பெட்டி அறையில் டேகலருக்கு வாசித்துக் காட்டினேன். கடவுளைக் கவனமாகத் தவிர்த்து, தோட்டம், பருவங்கள், வெளிச்சம் என்று எழுதியிருந்தேன். வெளிச்சத்தை நோக்கிப் போகிறார் என்ற இடத்தில் இருமினார். உண்மைதான். லோமன் கணக்கில் போவதற்கு அங்கே ஆளே இல்லை. ஹில்டாவுக்காக மெல்ல ஒரு வரியைச் செருகியிருந்தேன், அன்பு அழிவதில்லை என்று. அதற்கும் இருமினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவருக்குச் சரியெண்டால் அவவுக்குப் பிழை. அவவுக்குச் சரியெண்டால் அவருக்குப் பிழை. நான் என்னத்தை எழுத?"

டேகலர் கண்ணைத் திறந்தார். "ரெண்டு பேருக்கும் பொதுவா என்ன இருந்தது?"

"ஒரு கார்," என்றேன், அதே கோபத்தோடு.

"அப்ப அதை எழுதுங்கோ."

வீட்டுக்குப் போகும் ட்ராமில்தான், படிக்கிற காலத்தில் வாசித்த, ஒரு பூசாரியைப் பற்றிய பழங்கதை நினைவுக்கு வந்தது. லோமன் சொன்ன அயலட்டைக்காரர் யாரென்றும் பிடிபட்டது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மறுநாள் திரும்ப வாசித்தேன், டேகலர் இருமவில்லை. "உது உண்மையில நடந்ததோ?" என்று மட்டும் கேட்டார். எழுதி வைத்தவருக்கு அந்தப் பூசாரியைப் பிடிக்காது, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்றேன். "அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

பிறகு கத்ரீனுக்கு அழைத்தேன். பேச்சு நடுவில் கொஞ்ச நேரம் மௌனம் வைப்பேன், அதில் ஒவ்வொருவரும் தமக்கு ஏற்றதைச் செய்யலாம், உங்கள் அம்மா வாய்விட்டுச் செபித்தாலும் நான் தடுக்க மாட்டேன், சம்மதமோ என்று கேட்டேன். "அப்பா பேச வாற ஆளைப் பற்றித்தான் சொன்னவர்," என்றாள். "அம்மாவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை." ஹில்டாவிடமும் அதைச் சொன்னேன். "பாப்பம்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடக்க நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் லோமனின் பழைய மாணவர்கள், நரைத்தவர்களும் இருந்தார்கள், இளசுகளும் இருந்தார்கள். முன்வரிசையில் கத்ரீன் தனியாக இருந்தாள். பக்கத்துக் கதிரை வெறுமை. தொடங்கவேண்டிய நேரம் வந்தது. நான் தாள்களைச் சரிசெய்வதுபோல நேரத்தைக் கடத்தினேன். அப்போது பின்கதவு திறந்தது. ஹில்டா வந்தார். மேலங்கியைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவோரமாகக் கடைசி வரிசையில் இருந்தார். எந்நேரமும் எழும்பிப் போகிற ஆயத்தம்.

நான் பெயரில் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைக் காரையும் பேக்கரியையும் பிரசங்கத்தில் பிழைபிடித்ததையும் சொன்னேன். அந்தப் பழைய தோட்டத்துக்காரர், மாதத்தில் ஒருநாள் தங்கள் ஆசானை நினைத்து ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள், தூரத்து நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், பெண்களையும் அடிமைகளையும் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள் என்றேன். பின்னாளில் கிறிஸ்தவர்களும் வீடுகளில் கூடி அதையேதான் செய்தார்கள். ஆகப் பெரிய கேள்வியில் மட்டும் ஒருவருக்கொருவர் முழுப்பிழை என்று நினைத்தார்கள். பிறகு கதையைச் சொன்னேன். ஆசியா மைனரில் பூசாரி ஒருவன் ஒரு பாம்பைக் கொண்டுவந்து தெய்வம் என்றான். சனம் அள்ளுப்பட்டு வந்தது. பூசை தொடங்குமுன் அவன் "கிறிஸ்தவர்கள் வெளியே!" என்று கத்துவானாம். கூட்டம் "எபிக்கூரியர்கள் வெளியே!" என்று பதிலுக்குக் கத்துமாம். எழுதினவர் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம் என்று டேகலர் சொன்னபடியே சொன்னேன். "இரண்டு பேரும் அந்தப் பாம்பைக் கும்பிட மறுத்தவர்கள். ஒரே வாசலால் துரத்தப்பட்டவர்கள். வெளியே வந்தபின் எங்கே போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த ஊரில் ஒரே காரில் ஏறி வீட்டுக்குப் போனார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும்."

மாணவர்கள் சிரித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து அதைவிடப் பெரிய சிரிப்பு ஒன்று வந்தது. ஹில்டா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார்.

மௌனத்தை அறிவித்தேன். ஹில்டா செபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பெட்டியையே பார்த்தபடி இருந்தார். வாய் திறக்க எல்லா உரிமையும் இருந்தும், அந்த மனிதருக்காகத் திறக்கவில்லை.

அப்போதுதான் கத்ரீன் எழும்பினாள். பெட்டிக்கு முதுகைக் காட்டி, கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று, எதையோ மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள். ஜேர்மன் இல்லை, கிரேக்கம். இரண்டு சொல்லுக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. இயேசு கற்பித்த செபம், முதன்முதலில் எழுதப்பட்ட மொழியில். நரைத்த மாணவர் ஒருவரின் உதடு அசைந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் குரலும் சேர்ந்தது. பிறகு வரிசை வரிசையாக, தாழ்ந்த குரலில், லோமனின் வகுப்புகள் எல்லாம் சேர்ந்து சொல்லின. ஹில்டாவுக்குக் கிரேக்கம் ஒரு சொல்லும் தெரியாது. இருந்தும் நடுவிலேயே, சொல்லும் தாளத்தை வைத்து, அவருக்கு அது என்னவென்று பிடிபட்டுவிட்டது. முடிந்ததும் கதவோரத்திலிருந்து சத்தமாக "ஆமென்" என்றார். எழும்பி நடுவழியால் நடந்து வந்து, மகளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

என் பேச்சில் இன்னும் ஒரு தாள் மிச்சம் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை.

அடக்கம் முடிந்து கோப்பிக்கு இருந்தபோது கத்ரீன் ஹில்டாவுக்கும் எனக்கும் சொன்னாள்: "ஜேர்மன்ல எனக்கு அது மனப்பாடமில்லை. சின்னனில அப்பா எனக்குக் கிரேக்கம் படிப்பிக்கேக்க முதல் தந்தது அதைத்தான். வகுப்புகளுக்கும் அதைத்தான் குடுக்கிறவர். இலக்கணம் லேசு எண்டு சொல்லுவார்."

ஹில்டா கேக் தட்டை மேசையில் வைத்தார். "செபம் வேண்டாம் எண்டு சொன்ன மனுசன், என்ர பிள்ளைக்கு அதைப் பாடமாக்கி வைச்சிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லைப் பாருங்கோ!" அவருக்கு உண்மையாகவே கோபம். கண்ணும் நிறைந்திருந்தது. கதிரையை மகளின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார். "மெதுவாச் சொல்லு. நானும் பாடமாக்கப்போறன்."